ஓடும், ஆனால் எந்திரிக்காது

படைப்புக்கு, அதாவது முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடும் குடும்பச் சடங்குக்கு, ஊருக்குப் போயிருந்தோம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற பக்கம் எங்கள் ஊர். பெரிய வீடுதான், முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஆனால் அத்தனை பெரிய வீட்டில் எங்கள் புள்ளிக்கு (எங்கள் குடும்பப் பங்குக்கு) இருப்பது வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஒரே ஓர் இரட்டை வீடு, அதாவது முன்னும் பின்னுமாக இரண்டு அறை. அதிலும் ஒன்று முழுக்க அப்பத்தாவின் சாமான்கள். பதினாலு பேர் எங்கே படுப்பது? அதனால் சித்தப்பா மகன் கோயம்புத்தூரிலிருந்து தன்னுடைய கேரவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். சினிமாக்காரர்கள் உட்காரும் பஸ் மாதிரி நினைக்க வேண்டாம். ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் தகரப் பெட்டி, உள்ளே நாலு பேர் படுக்கலாம், கூரையில் ஒரு டன் ஏசி.

வீட்டிலிருந்து கரண்ட் எடுக்கலாம்தான். ஆனால் மீட்டர் பங்காளிகள் எல்லாருக்கும் பொது, பில்லைப் பற்றி ஏற்கெனவே நடக்கிற பேச்சே போதும். வயரிங்கும் தாத்தா காலத்தது, ஆள் கூடிவிட்டால் ராத்திரி வோல்டேஜ் 180க்கு வந்துவிடும். “அண்ணே, அதெல்லாம் எதுக்கு? நம்மகிட்ட ஜெனரேட்டர் இருக்கு. ரெண்டாயிரம் வாட். ஏசி ஆயிரத்துச் சொச்சம்தான் இழுக்கும்” என்றான் தம்பி. கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது.

மே மாதம், கத்திரி வெயில், ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்தத் தகரம் தொட்டால் சுடுகிறது. ஜெனரேட்டரை ஓடவிட்டு ரிமோட்டை அமுக்கினோம். ஃபேன் சுற்றியது. மூன்று நிமிஷம் கழித்து கூரையில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல், உள்ளே விளக்கு மங்கியது, ஜெனரேட்டர் ஒரு உறுமு உறுமிவிட்டு சிவப்பு லைட்டைக் காட்டிக் கரண்டை நிறுத்திவிட்டது. இன்ஜின் மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. உடனே மறுபடி போட்டோம். மறுபடி. நாலு தடவை. (இது தப்பு என்று மறுநாள்தான் தெரிந்தது. கம்ப்ரசர் நின்றதும் உள்ளே கேஸின் அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாக மூன்று நிமிஷமாவது வேண்டும், அதற்குள் எழுப்பினால் இன்னும் முரண்டு பிடிக்கும்.) கடைசியில் எல்லோரும் முகப்பில் பாயை விரித்துக் கொசுவோடு படுத்தோம்.

காலையில் காரைக்குடியிலிருந்து ஏசி மெக்கானிக் வந்தார். மேலே ஏறி ஏசியின் விவரப் பிளேட்டைத் துடைத்துக் காட்டினார். ஓடும்போது 5 ஆம்பியர். அதற்குப் பக்கத்திலேயே எல்.ஆர்.ஏ. 26, அதாவது நின்ற மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் ஆம்பியர். “சார், நின்ன காரைத் தள்ளுற மாதிரி. உருள ஆரம்பிச்சா ஒரு ஆள் போதும், அசைக்கத்தான் நாலு பேர் வேணும். உங்க ஜெனரேட்டருக்கு ஏசி ஓடுறது பிரச்சினை இல்ல, எந்திரிக்கிறதுதான்.” 26 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட ஆறாயிரம். கண் இமைக்கிற நேரத்துக்குத்தான், ஆனால் அந்த நேரத்துக்குக் கொடுத்தாக வேண்டுமே. ஜெனரேட்டரிலும் 2000 என்பது பெரிய எழுத்து, கீழே சின்ன எழுத்தில் 1600. தொடர்ந்து தரக்கூடியது அந்த 1600தான், ஏழு ஆம்பியர்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் சரியாகும் என்றார். “அது வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு” என்று தம்பி பெஞ்சுக்கு அடியிலிருந்து பிரிக்காத டப்பாவை எடுத்தான். என்ன சொல்வது அவனை.

நாலு வயர், கம்ப்ரசருக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே சேர்க்கும் வேலை. கரண்டைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும் என்பதால் தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். மோட்டாருக்கு ஒரேயடியாகக் கரண்டைத் திறந்துவிடாமல் படிப்படியாக ஏற்றுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் கிளம்பும்போது 26 இருந்த இடத்தில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே நின்றது. ஜெனரேட்டர் ஒரு தடவை தம் பிடித்து எழுந்துவிட்டது. ஜெனரேட்டரில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் எகோ சுவிட்சை மட்டும் அணைத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசர் எழுந்து திணறடிக்கும்.

இன்னொன்றையும் அவர் மாற்றச் சொன்னார், எக்ஸ்டென்ஷன் வயர். எங்களுடையது 20 மீட்டர், மெல்லிசான 1 ஸ்கொயர் எம்எம். கிளம்பும் நேரத்தில் அந்த வயரே வோல்டேஜைத் தின்றுவிடுமாம். 2.5 வாங்கிப் போட்டோம். புதிதாகக் கேரவன் கட்டுகிறவர்கள் இந்தத் தலைவலியே இல்லாமல் இன்வெர்ட்டர் ஏசி போட்டுவிடுங்கள், அது தானாகவே மெதுவாகத்தான் எழும்.

மத்தியானம் கிளாம்பை மாட்டிப் பார்த்தேன், 5 இருக்க வேண்டியது 6க்குப் பக்கத்தில். வெயிலில் கூரை மேல் உட்கார்ந்திருக்கும் ஏசி சூட்டை வெளியே தள்ள அவ்வளவு பாடுபடுகிறது. வேப்பமரத்தடிக்கு வண்டியைத் தள்ளி, ஏசியின் காற்று வழியை மறைக்காமல் பச்சை நிழல்வலையைக் கட்டினோம், இறங்கியது. அதே நேரம் வீட்டுக்குள் போனால் வளவு ஜில்லென்று இருக்கிறது, உயரமான கூரை, சுண்ணாம்புச் சுவர், காலுக்கு ஆத்தங்குடிக் கல். தகரப் பெட்டியை என்ன செய்தாலும் அந்த மாதிரி ஆகாது.

இரண்டாவது ராத்திரி சொகுசாகத் தூங்கினோம். விடிகாலை சரியாக ஐந்தே முக்காலுக்கு எல்லாம் நின்றது. பார்த்தால், சித்தி பணியாரத்துக்கு மிளகாய்த் துவையல் அரைக்க மிக்ஸியைக் கேரவன் பிளக்கில் செருகியிருக்கிறார். ஏசி ஆயிரத்து நூறு, மிக்ஸி 750. “உங்க ஏசியை அஞ்சு நிமிஷம் நிறுத்துனா என்ன ஆகிப்போச்சு?” நியாயம்தான்.

தூறல் விழுந்தபோது ஜெனரேட்டரை முகப்புக்குள் தூக்கி வைக்கலாமா என்று தம்பி கேட்டான். கூடவே கூடாது என்றேன். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களுக்குத் தெரியவும் தெரியாது. மழை நிற்கும்வரை நிறுத்திவைத்தோம். மற்றபடி வண்டியிலிருந்து இருபதடி தள்ளி, காற்று எங்களை விட்டு வெளியே போகிற பக்கம்தான். கேரவனுக்குள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் உண்டு.

பெட்ரோல்தான் பெரிய செலவு. 3.6 லிட்டர் டேங்க் நாலு மணி நேரம் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து, நிறுத்தி, இன்ஜின் ஆறும்வரை கொட்டாவி விட்டு, அப்புறம் ஊற்ற வேண்டும். காரைக்குடியில் 1953லேயே திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பாட்டரி ஆராய்ச்சியெல்லாம் நடக்கிற இடம். அதைத் தாண்டித்தான் தினமும் பெட்ரோல் கேனோடு போய் வந்தேன்.

கிளம்பும் அன்று தம்பியிடம், பெட்ரோல் வால்வை மூடிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடு, கார்புரேட்டரில் தங்கினால் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். சரிண்ணே என்றான். சாஃப்ட் ஸ்டார்ட்டரை வாங்கியபோதும் இப்படித்தான் யாரிடமோ சரி சொல்லியிருப்பான்.