மருத்துவ மாணவர்களுக்குப் பண்பாட்டுப் புரிதலைக் கற்பித்த அனுபவம்

2019ஆம் ஆண்டு எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டபோது, மனப்பாங்கு, அறநெறி, தகவல்தொடர்பு ஆகியவற்றுக்கான 'ஏட்காம்' தொகுதி கட்டாயப் பாடமாயிற்று. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் சமூக மருத்துவத் துறையில் பணிபுரியும் எனக்கு, நோயாளியின் நம்பிக்கைகளை அறிந்து பேசக் கற்றுத்தரும் வகுப்புகளை அமைக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

எந்தச் சமூகத்தில் என்ன வழக்கம் என்று பட்டியலிட்டு நடத்திவிடலாம் என்றனர் சக ஆசிரியர்கள். நான் உடன்படவில்லை. பட்டியலைப் படித்த மாணவர், எதிரே இருப்பவரின் பெயரையும் உடையையும் பார்த்தே முடிவு கட்டிவிடுவார். எதையும் கேட்க மாட்டார். ஆகவே, மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1970களின் இறுதியில் முன்வைத்த, நோயாளி தன் நோயை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று அறியும் கேள்விகளை அடிப்படையாகக் கொண்டோம். ஆனால், "இந்த நோய் எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால், "அதை டாக்டர் நீங்கதானே சொல்லணும்" என்பார்கள் நம் ஊரில். "வீட்டுல பெரியவங்க என்ன சொன்னாங்க?" என்று தொடங்கினால்தான் பேச்சு வளர்கிறது.

பயிற்சியில், இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்ட கர்ப்பிணியாக ஒரு செவிலியர் நடித்தார். முதலில் வந்த மாணவர், ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்று மூச்சுவிடாமல் விளக்கினார். செவிலியர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்து வந்த மாணவி, "மாத்திரை போட்டதும் என்ன மாறுச்சு?" என்று கேட்டார். மலம் கருப்பாகப் போனதும், குழந்தையும் கருப்பாகப் பிறக்கும் என்று மாமியார் தடுத்ததும் வெளிவந்தன. உடல் ஏற்காத இரும்புதான் அப்படி வெளியேறுகிறது என்று சொல்லிவிட்டு, "அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் மாணவி. வெளிமாநில மாணவர்களுக்கு மட்டுமே இத்தகைய நம்பிக்கைகள் புதியவை என்று எண்ணியிருந்தோம். சென்னையில் வளர்ந்த பலருக்கும் அப்படித்தான் இருந்தது.

ரமலான் நோன்பு இருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் ஒரு காட்சி அமைத்தோம். "நோன்பு வேண்டாம்" என்று சொல்லி முடித்துவிடாமல், சஹர் (வைகறை உணவு), இஃப்தார் (நோன்பு திறப்பு) நேரங்களுக்கேற்ப மருந்தை மாற்றித் தருவதும், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை முறிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைப்பதும் அதில் இடம்பெற்றன.

உண்மையான சிரமம் மதிப்பெண்ணில்தான் இருந்தது. மாணவர் நோயாளியிடம் நடந்துகொள்வதை நேரில் பார்த்து மதிப்பெண் இடும் 'ஆஸ்கி' தேர்வில், கேட்க வேண்டிய கேள்விகளைச் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்தபோது, மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்தனர். இப்போது முதல் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. நோயாளியின் பதிலிலிருந்து பிறக்கும் இரண்டாவது கேள்விக்கே உண்டு. மதிப்பிடும் ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறுகிறது என்ற புகார் வந்ததால், ஒவ்வொரு மாணவரையும் இருவர் தனித்தனியே மதிப்பிடுகிறோம்.