5ஜி வேகம் சரி, தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

ஸ்பீட் டெஸ்டில் 400 எம்பிபிஎஸ் காட்டும் போனை வைத்துக்கொண்டு, கிளவுடில், அதாவது எங்கோ உள்ள சர்வரில், ஓடும் விஆர் (மெய்நிகர் உலகம்) விளையாட்டைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தலை கிறுகிறுக்கிறது. உடனே "5ஜி எல்லாம் சும்மா விளம்பரம்" என்பார்கள் சிலர். "6ஜி வரட்டும், சரியாகிவிடும்" என்பார்கள் சிலர். இரு தரப்பும் பார்ப்பது தவறான எண்ணை. ஒரு நொடியில் எவ்வளவு தரவு இறங்குகிறது என்பதைத்தான் ஸ்பீட் டெஸ்ட் சொல்கிறது. விஆருக்கும் தொழிற்சாலைக்கும் தெரிய வேண்டியவை வேறு. ஒரு சின்ன பாக்கெட் (தரவுத் துண்டு) போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த நேரம் எவ்வளவு ஆடுகிறது? மேலே அனுப்ப எவ்வளவு இடம் இருக்கிறது? இந்த மூன்றையும் கணக்குப் போட்டால், எது நடக்கும் எது நடக்காது என்பது பணம் போடும் முன்பே தெரிந்துவிடும்.

முதலில் தரவின் அளவை முடித்துவிடலாம், அது சுலபம். மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 பிக்சல். இரண்டு கண், பிக்சலுக்கு 24 பிட், நொடிக்கு 90 ஃபிரேம் என்று பெருக்கினால் சுமார் 19.7 ஜிபிபிஎஸ். ஓர் ஆளுக்கு இவ்வளவை எந்த மொபைல் நெட்வொர்க்கும் தராது. எச்.265 முறையில் சுருக்கினால் 100 முதல் 200 எம்பிபிஎஸ்ஸில் கண்ணை உறுத்தாத படம் கிடைக்கும். 3.5 கிகாஹெர்ட்ஸில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்திருக்கும் செல் (டவரின் ஓர் ஆன்டெனா அலை வீசும் பகுதி), கூட்டம் இல்லாத நேரத்தில் அதைத் தந்துவிடும். அதே செல்லில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் கேட்டால் தராது. அவ்வளவுதான் அந்தக் கதை.

நேரக் கணக்குதான் கடினம். தலையைத் திருப்பியதிலிருந்து புதிய காட்சி கண்ணுக்கு வர 20 மில்லிநொடிக்கு மேல் ஆனால் பலருக்குக் குமட்டல் தொடங்கும். 90 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமின் ஆயுளே 11.1 மில்லிநொடி. ஆக, மொத்தம் கையில் இருப்பது இரண்டு ஃபிரேமுக்கும் குறைவான அவகாசம்.

அதில் ரேடியோ, அதாவது போனுக்கும் டவருக்கும் இடையிலான வழி, எவ்வளவைத் தின்கிறது? 3.5 கிகாஹெர்ட்ஸில் தரவு மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் ஒரே அலைவரிசைதான், நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பரவலாக உள்ள அமைப்பில் அரை மில்லிநொடி ஸ்லாட் ஐந்து சேர்ந்து ஒரு சுற்று: மூன்று முழுதாக இறக்கத்துக்கு, ஒன்று கலப்பு, ஒன்று மட்டும் ஏற்றத்துக்கு. போன் எதையாவது அனுப்ப 2.5 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் முறை வரும். வந்த முறையிலும் உடனே அனுப்ப முடியாது. ரேஷன் கடையில் டோக்கன் வாங்கிவிட்டு மறுபடி வரிசையில் நிற்பது போல, முதலில் அனுமதி கேட்க வேண்டும், டவர் ஸ்லாட் ஒதுக்க வேண்டும், அதன் பிறகுதான் தரவு போகும். இப்படியே ஏற்றத்துக்கு மட்டும் 5 முதல் 10 மில்லிநொடி போய்விடுகிறது. முன்கூட்டியே ஸ்லாட் ஒதுக்கிவைக்கும் வசதி தரநிலையில் இருக்கிறது. ஆனால் சாதாரண சிம்முக்கு அதை யாரும் போட்டுத் தருவதில்லை.

இனி கூட்டிப் பாருங்கள். தலையின் அசைவு மேலே போக 8 மில்லிநொடி, சர்வர் ஒரு ஃபிரேம் வரைய 11, அதைச் சுருக்கி என்கோட் செய்யவும் ஹெட்செட்டில் விரித்து டிகோட் செய்யவும் சேர்த்து 10, இறக்கத்துக்கு 4, திரை புதுப்பிக்கக் காத்திருப்பது 8. ஏற்கனவே 40-ஐத் தாண்டியாயிற்று, சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று இன்னும் கேட்கவே இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வர 1 மில்லிநொடி. சென்னையிலிருந்து மும்பை வான்வழியிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கேபிள் சுற்றிச் சுற்றித்தான் போகும், நடுவே ரூட்டர்கள் வேறு. டவருக்கு எவ்வளவு செலவு செய்தாலும் இந்தத் தூரம் குறையாது, சர்வரைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். எட்ஜ் சர்வர் என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சர்வர் பக்கத்துத் தெருவில் இருந்தாலும், ஆபரேட்டரின் நெட்வொர்க்கிலிருந்து உங்கள் தரவு வெளியே வரும் இடம் வேறு ஊரில் இருந்தால் பயன் இல்லை. அந்த வாசலை ஊருக்கு ஊர் வைப்பதும், ஒரு பயன்பாட்டுக்கென நெட்வொர்க்கில் தனிப் பாதை வெட்டித் தருவதும் ஸ்டாண்டலோன் 5ஜியில், அதாவது 4ஜியைச் சாராமல் தனக்கெனக் கோர் (நெட்வொர்க்கின் மையக் கணினி அமைப்பு) வைத்திருக்கும் 5ஜியில்தான் முறையாக நடக்கும். 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஜியோ ஸ்டாண்டலோன் வழியையும், ஏர்டெல் 4ஜி கோரின் மேல் ஏறி நிற்கும் நான்-ஸ்டாண்டலோன் வழியையும் எடுத்தன. போனின் மூலையில் இரண்டுக்கும் '5ஜி' என்றே காட்டும்.

இத்தனைக்குப் பிறகும் கிளவுட் விஆர் ஓரளவு ஓடுகிறதே, எப்படி? ஹெட்செட் ஒரு தந்திரம் செய்கிறது. வந்து சேர்ந்த படம் பழையதாக இருந்தாலும், திரையில் போடும் கடைசிக் கணத்தில் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, படத்தை அதற்கேற்பத் திருப்பி ஒட்டிவிடுகிறது. டைம்வார்ப் என்பார்கள். கழுத்தைத் திருப்புவதற்கு இது அருமையாக வேலை செய்யும். உடம்பை முன்னே சாய்த்தாலோ, கையை முகத்தருகே கொண்டுவந்தாலோ செய்யாது. பக்கத்துப் பொருள் எவ்வளவு நகர வேண்டும் என்பது அந்தப் பழைய படத்தில் இல்லையே. எனவே உட்கார்ந்து பார்க்கும் கிரிக்கெட், கச்சேரி, கோயில் சுற்றுலா எல்லாம் தேறும். வாள்சண்டையும் டேபிள் டென்னிஸும் தேறாது. அவற்றுக்குக் கையையும் அருகிலுள்ள பொருள்களையும் ஹெட்செட்டே வரைந்து, பின்னணியை மட்டும் சர்வரிலிருந்து வாங்க வேண்டும். புதிதாக ஏதாவது உருவாக்குபவர்கள் முதல் நாளே இப்படிப் பிரித்து வடிவமைப்பது நல்லது, பிறகு பிரிப்பது பெரும்பாடு.

360 டிகிரி வீடியோவின் மங்கலுக்குக் காரணம் தாமதம் இல்லை, வகுத்தல் கணக்கு. 2023 ஐபிஎல்லுக்கு ஜியோ சினிமா 360 டிகிரிக் காட்சி தந்தது நினைவிருக்கலாம். பொதுவாக 4கே படம் என்றால் அகலம் 3840 பிக்சல். அது முழு வட்டத்துக்கும் பரந்து கிடக்கிறது. கண்முன் தெரியும் 90 டிகிரிக்குக் கிடைப்பது 960 பிக்சல்தான், அதையும் லென்ஸ் பெரிதாக்குகிறது. 8கே ஆக்கினாலும் 1920. நல்ல கண்ணுக்கு டிகிரிக்கு 60 பிக்சல் வேண்டுமென்றால் முழு வட்டத்துக்கு 21,600 பிக்சல் அகலம். இதை முழுதாக அனுப்புவது வீண். பார்க்கும் பக்கத்தை மட்டும் தெளிவாகவும் மீதியை மங்கலாகவும் துண்டு துண்டாக அனுப்புவதே நடைமுறை. சட்டென்று திரும்பும்போது ஒரு கணம் மங்கித் தெளியும். அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்பதில்தான் மறுபடி தாமதம் வந்து நிற்கிறது.

உங்கள் இடத்தில் அளப்பது எப்படி

ஆண்ட்ராய்டில் ஒரு டெர்மினல் ஆப் போட்டு, அருகிலுள்ள சர்வருக்கு 0.2 நொடி இடைவெளியில் 500 பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்புங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். வரிசைப்படுத்தி மோசமான ஐந்தைப் பாருங்கள். சராசரி 25 மில்லிநொடி இருந்து அந்த ஐந்தும் 150-ஐத் தொட்டால் விஆருக்கு அந்த இடம் உதவாது. இடைவெளியை 1 நொடி ஆக்கினால் எண்கள் கூடலாம். பாக்கெட் இல்லாத இடைவெளியில் பேட்டரியை மிச்சப்படுத்தப் போனின் ரேடியோ தூங்கி எழுவதால் வருவது அது, நெட்வொர்க் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பிறகு ஒரு பெரிய ஃபைலை இறக்கிக்கொண்டே அதே சோதனையைச் செய்யுங்கள். எண் பல மடங்கு ஏறினால் நடுவே எங்கோ பாக்கெட்டுகள் வரிசையில் தேங்குகின்றன.

இன்னொன்று. குவெஸ்ட் போன்ற ஹெட்செட்களில் சிம் கிடையாது, போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் இணைக்கிறார்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத் எல்லாம் சேர்ந்து கெடுத்துவிடும், பழி 5ஜி மேல் விழும். ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். போனை உறையிலிருந்து எடுத்து நிழலில் வையுங்கள், சூடானால் மோடம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

தொழிற்சாலையில் கணக்கு தலைகீழ்

பொழுதுபோக்குக்கு இறக்கம் வேண்டும், ஆலைக்கு ஏற்றம் வேண்டும். தரச் சோதனைக்கு 20 கேமரா, ஒவ்வொன்றும் 8 எம்பிபிஎஸ் என்றால் 160 எம்பிபிஎஸ் இடைவிடாமல் மேலே போக வேண்டும். ஐந்தில் ஒரு ஸ்லாட் மட்டும் ஏற்றத்துக்கு விடும் அமைப்பில் ஒரு செல் இதற்கே திணறும். ஆலைக்கென்றே அமைக்கும் தனி நெட்வொர்க்கில் ஏற்ற ஸ்லாட்டுகளைக் கூட்டலாம். ஆனால் வெளியே பக்கத்து அலைவரிசையில் ஓடும் டவர் வேறு தாளத்தில் இருந்தால், அது அனுப்பும் நேரத்தில் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், குறுக்கீடு வரும். கனமான சுவரோ போதிய தூரமோ இல்லாமல் இதைத் தொட வேண்டாம். பெரும்பாலான இடங்களில் கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கணினி வைத்து, குறை உள்ள படத்தை மட்டும் அனுப்புவது மலிவு.

100 × 60 மீட்டர் ஷெட் ஒன்றுக்கு ஏறத்தாழ வேண்டியவை: உள்ளரங்க ரேடியோ 4 முதல் 6, பேஸ்பேண்ட் சர்வர் (ரேடியோ சிக்னலைக் கையாளும் கணினி), கோருக்கு இரண்டு சர்வர் (ஒன்று பழுதானால் மற்றது), கூரையில் வானம் திறந்து தெரியும் இடத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனா, நேரத்தைத் துல்லியமாகக் கடத்தும் பிடிபி வசதியுள்ள சுவிட்சுகள், 100 மீட்டருக்குள் கேட்-6ஏ கேபிள், அதற்கு மேல் ஃபைபர், யூபிஎஸ். இதில் எல்லோரும் மிச்சம் பிடிப்பது சுவிட்சில்தான், உதை வாங்குவதும் அங்கேதான். ரேடியோக்களின் நேர ஒத்திசைவு 1.5 மைக்ரோநொடிக்குள் நிற்க வேண்டும். பிடிபி இல்லாத ஒரு சுவிட்ச் நடுவில் இருந்தால் அது நிற்காது. ஜிபிஎஸ் கேபிளில் மழைநீர் இறங்கினால் சில மணி நேரம் உள்கடிகாரத்தில் ஓட்டிவிட்டு, ரேடியோ தானே அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். ஆலையில் எல்லோரும் சாஃப்ட்வேரைக் கிண்டிக்கொண்டிருப்பார்கள்.

சிக்னல் அளவை ஷெட் காலியாக இருக்கும்போது எடுத்துவிட்டுப் போவது அடுத்த பிழை. இரும்பு ரேக்குகளில் சரக்கு ஏறியதும் நிழல் விழும் இடங்கள் மாறும். சரக்கு நிறைந்த நாளில், தானியங்கி வண்டி போகும் உயரத்திலேயே அளக்க வேண்டும்.

இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சி பக்கம் இன்னொரு வலி. ஆலைகளில் பயன்படும் ப்ரொஃபிநெட் என்ற தொடர்பு முறை ஐபி முகவரி இல்லாமல் ஈதர்நெட் ஃபிரேமாக (கேபிள் நெட்வொர்க்கின் தரவுப் பொதி) பேசும், 5ஜி ரூட்டர்கள் பெரும்பாலும் ஐபியைத்தான் கடத்தும். இடையே டனல் (ஐபி பாக்கெட்டுக்குள் அந்த ஃபிரேமைப் பொதிந்து அனுப்பும் வழி) போட வேண்டும், அல்லது ஈதர்நெட்டை அப்படியே கடத்தும் கோர் வேண்டும். அதைச் செய்தாலும், வயரில் ஓடிய, 8 மில்லிநொடிக்கு ஒருமுறை தரவு பரிமாறும் சுழற்சியை அப்படியே விட்டால் மூன்று சுழற்சி தவறியதும், அதாவது 24 மில்லிநொடியில், பிஎல்சி இணைப்பு அறுந்ததாக முடிவு செய்து வண்டியை நிறுத்தும். ஒரு ரேடியோவிலிருந்து அடுத்த ரேடியோவுக்கு மாறும் இடைவெளியே 30 முதல் 60 மில்லிநொடி ஆகலாம். அதனால்தான் வண்டி தினமும், ரேடியோ மாறும் அதே தூணருகே நிற்கிறது. சுழற்சியை 64 ஆக்கினால் 192 மில்லிநொடி அவகாசம் கிடைக்கும், மெதுவாகப் போகும் வண்டிக்கு அது போதும். ஆள் குறுக்கே வந்தால் நிற்பது வண்டியிலேயே உள்ள லேசர் ஸ்கேனரின் வேலை. அதை ஒருபோதும் ரேடியோவை நம்பி விடக்கூடாது.

எதுவுமே நகராத இடத்தில் 5ஜி போடுவது காசுக்குப் பிடித்த கேடு, கேபிளை இழுங்கள். துறைமுகம், சுரங்கம், பெரிய யார்டு, வண்டிகள் ஓடும் கிடங்கு, இவைதான் இதற்கான இடங்கள். ஜெர்மனியில் 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை 2019 முதல் நிறுவனங்களுக்கே நேரடியாக உள்ளூர் உரிமம் தருகிறார்கள். இந்தியாவில் 2022 ஜூன் வழிகாட்டுதல் தனி நெட்வொர்க்குக்கு நான்கு வழிகள் சொன்னது: ஆபரேட்டரின் நெட்வொர்க்கிலேயே ஒரு பங்கு, ஆபரேட்டரே வந்து தனியாக அமைத்துத் தருவது, அவரிடம் ஸ்பெக்ட்ரத்தைக் குத்தகைக்கு எடுப்பது, அரசிடம் நேரடியாகப் பெறுவது. முதல் இரண்டுதான் சிறு நிறுவனங்களுக்குக் கைக்கெட்டும் வழி. பெங்களூரு பாஷ் ஆலையில் 2022-இல் ஏர்டெல் நடத்திய சோதனையும் ஆபரேட்டர் அமைத்துத் தந்ததுதான். சொந்தமாகக் கருவி செய்பவர்களுக்கு, ஐஐடி மெட்ராஸ் முன்னின்று எட்டுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்து 2022 மே மாதம் திறந்த 5ஜி சோதனைக் களம் இருக்கிறது.

ஒப்பந்தம் எழுதும்போது "10 மில்லிநொடி தாமதம்" என்ற வரியை ஏற்காதீர்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை பைட் பாக்கெட், ஏற்றமா இறக்கமா, 99.9 சதவீதப் பாக்கெட்டுகளுக்கா சராசரிக்கா என்று எழுதி வாங்குங்கள். ஷெட் நிறைந்து, எல்லா வண்டியும் ஓடும் மூன்று ஷிஃப்டிலும் தொடர்ந்து அளந்து காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.