வேன் லைட்டை இரண்டு தடவை ஒட்டிய கதை

வேனுக்கு வெளியே எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுவது ஒரு சாயங்கால வேலை என்றுதான் நினைத்தேன். ஒட்டியதும் ஒரே சாயங்காலத்தில்தான். அதைப் பிய்த்து மறுபடி ஒட்டத்தான் நான்கு நாள் ஆனது.

எங்களுடையது பழைய டிராவலர் வேன், கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஓடும் வீடாக மாற்றியது. வாசல் பக்கம் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான். நாகர்கோவிலில் 5 மீட்டர் சுருள் ஒன்று வாங்கினேன். 5050 வகை (ஒவ்வொரு பல்பும் 5 மில்லிமீட்டர் சதுரம்), மீட்டருக்கு 60 பல்பு, அட்டையில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தது. பின்பக்க டேப்பை உரித்து பெயின்ட் மேலேயே ஒட்டி, வயர் சேரும் இடத்தில் பாத்ரூமுக்கு அடித்து மிச்சமிருந்த சிலிக்கானைப் பூசிவிட்டேன்.

ஆனி மாதம் முட்டத்தில் இரண்டு ராத்திரி. முதல் ராத்திரி ஜோர், கடைசி ஒரு மீட்டர் மட்டும் கொஞ்சம் மங்கல். இரண்டாம் ராத்திரி சாரலோடு கடல்காற்று அடித்ததில் பாதி ஸ்ட்ரிப் உரிந்து பாம்புச் சட்டை மாதிரி தொங்கியது, மீதிப் பாதி கண்ணடித்துக் கண்ணடித்து அணைந்தே போனது.

குளச்சலில் விசைப்படகுகளுக்கு வயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பூசியிருந்த சிலிக்கானை நகத்தால் நெம்பி எடுத்தார். உள்ளே செம்பு முழுக்கப் பச்சையாய்க் களிம்பு. "பூசும்போ வினிகர் வாடை அடிச்சுதா? அந்த வாடைதாம் மக்களே செம்பத் தின்னது" என்றார். காயும்போது அமிலம் விடுகிற வகையாம் அது. அந்த அமிலம் விடாத, நியூட்ரல் க்யூர் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். ஐபி என்பது தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண், ஸ்ட்ரிப்பில் ஐபி65 என்றால் மேலே மட்டும்தான் ஜெல் பூச்சு, வெட்டிய முனை திறந்த வாய்தான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, மறுபடி ஆரம்பித்தேன். பழையது மீட்டருக்கு 14.4 வாட், ஐந்து மீட்டருக்கு 72 வாட், அதாவது 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். சாப்பாட்டுத் தட்டு தெரிய இது எதற்கு? புதியது மீட்டருக்கு 4.8 வாட், மொத்தமே 2 ஆம்பியர்தான். முழுக்கக் குழாய்க்குள் இருக்கும் ஐபி67. இரண்டு முனையிலும் கரன்ட் கொடுத்ததால் கடைசி மங்கலும் போச்சு. நிறம் வார்ம் வைட், அதாவது இளமஞ்சள், பளீர் வெள்ளை போட்டால் மழை விட்ட ராத்திரியில் சோற்றில் ஈசல்தான் விழும்.

இந்தத் தடவை நேராக ஒட்டவில்லை. பால் நிற மூடி உள்ள அலுமினிய சேனல் வாங்கி, வேனின் மேல்விளிம்பை சோப்புத் தண்ணீரில் கழுவி, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விஹெச்பி என்கிற, இரண்டு பக்கமும் பலமாக ஒட்டும் டேப்பில் ஒட்டினேன். அது முழுப்பிடி பிடிக்க மூன்று நாள் வேண்டும். நான்கு நாளில் மூன்று நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததுதான், சத்தியமாக அதுதான் கஷ்டம். சேனலின் அடியில் தண்ணீர் வடிய இரண்டு சின்னத் துளை. வயர் உள்ளே போகும் ஓட்டையின் விளிம்புக்கு பிரைமர் தடவி ரப்பர் வளையம் போட்டேன், வயரை ஓட்டைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினேன், மழைத்தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலே ஏறும், அது ஸ்ட்ரிப்பைச் சூடாக்கி ஆயுளைக் குறைக்கும் என்பதால் எஞ்சின் பேட்டரி அல்லாமல், வேனுக்குள் வீட்டு உபயோகத்துக்கு இருக்கும் பேட்டரியிலிருந்து தனி சுவிட்ச், நடுவில் 12 வோல்ட்டாகவே நிறுத்தும் கன்வெர்ட்டர். வண்டி ஓடும்போது லைட் போடுவதே இல்லை, ரோட்டில் கல்யாண வீடு மாதிரி ஜொலித்துக்கொண்டு போய் எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும்?

ஆடியில் தேங்காய்ப்பட்டணம் போய் இரண்டு ராத்திரி நல்ல மழையில் நின்றோம், ஒரு பல்பு கூட அணையவில்லை. பின்பக்க மூடிக்குள் மட்டும் லேசாக ஆவி படிந்திருக்கிறது. வெயில் வந்ததும் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.