புனித எலேனியின் ஊரில் ஒரு திருநாள்

கிரேக்க நாட்டின் வடக்கே, தெசலோனிகி நகரிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சென்றால் செர்ரெஸ் நகரம் வருகிறது. அதற்குத் தெற்கே, ஸ்திரிமோன் ஆறு வளமூட்டும் சமவெளியில், பருத்தி வயல்களுக்கும் சோளக் கொல்லைகளுக்கும் நடுவே ஆயியா எலேனி என்ற சிற்றூர் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் மே 21 அன்று, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கும் அவருடைய அன்னை எலேனிக்கும் உரிய திருநாளில், இவ்வூர் அடியார்கள் அப்புனிதர்களின் திருவுருவப் படங்களை ஏந்தித் தீ மிதிக்கிறார்கள். அனஸ்தெனாரியா என்பது இந்த வழிபாட்டின் பெயர். வெளியூரார் பலர் மாலையில் தீ மூட்டும் வேளைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். முந்தைய நாளே சென்று, கொனாகி எனப்படும் வழிபாட்டு இல்லத்தில் ஓர் ஓரமாக உட்காரும் பேறு எனக்குக் கிடைத்தது. இத்திருநாளின் கருவறை அந்த இல்லமே என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த வழிபாட்டுக்கு உரியவர்களின் முன்னோர் இம்மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். கருங்கடலை அடுத்த ஸ்திராஞ்சா மலைப்பகுதியில், இன்று பல்கேரியாவுக்குள் இருக்கும் கோஸ்தி என்னும் ஊரே அவர்களுடைய பூர்வீகம். அங்கே ஒருமுறை புனித கான்ஸ்டன்டைனின் ஆலயம் தீப்பற்றி எரிந்ததாகவும், ஆளில்லாத ஆலயத்துக்குள்ளிருந்து படங்கள் கூவியழைக்கும் குரல் கேட்டதாகவும், உள்ளே ஓடி அவற்றை மீட்டவர்களுக்குச் சிறு தீப்புண்ணும் ஏற்படவில்லை என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1912-13 ஆம் ஆண்டுகளில் நடந்த பால்கன் போர்களுக்குப் பிறகு எல்லைகள் மாற, கிரேக்க மொழி பேசிய கோஸ்தி மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுப் புலம்பெயர்ந்தார்கள். அப்போதும் அவர்கள் கைவிடாதவை அந்தப் படங்கள்.

கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள வகைசெய்த 1923 ஆம் ஆண்டின் லோசான் உடன்பாட்டையொட்டிக் கிரேக்க நாடு ஏற்ற அகதிகளின் தொகை 12 லட்சம் அளவில் இருந்தது. அந்தக் காலத்தில்தான் கோஸ்தி மக்களும் ஆயியா எலேனி, லங்காதாஸ், மெலிகி, மவ்ரோலெஃப்கி ஆகிய இடங்களில் பிரிந்து குடியேறினார்கள். செர்ரெஸ் சமவெளி அன்று சதுப்பு நிலமாகவும் மலேரியாவின் இருப்பிடமாகவும் இருந்தது. 1930-களில் ஆற்றுக்குக் கரை கட்டி, அகினோஸ் ஏரியை வடியவைத்து, கெர்கினியில் நீரைத் தேக்கிய பிறகே இன்று நாம் காணும் விளைநிலம் உருவாயிற்று. ஏற்கெனவே அங்கு வாழ்ந்த உள்ளூர்க் குடிகளுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இடையே பேச்சு, பழக்கவழக்கம் என எல்லாவற்றிலும் வேறுபாடு இருந்தது. தீ மிதிப்பவர்களை ஏளனம் செய்வார்களோ என்ற அச்சமும், கிரேக்கரின் மரபுவழித் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபை இதைப் புறச்சமயச் சடங்கு என்று கண்டித்ததும் சேர்ந்து, கோஸ்தி மக்கள் பல ஆண்டுகள் கதவடைத்துக்கொண்டு இந்த வழிபாட்டை நடத்தினார்கள். 1947-இல்தான் அது வெளிப்படையாக நடைபெறத் தொடங்கியது. திருச்சபையின் கண்டனம் இன்றும் நீங்கவில்லை. ஆயினும் இவ்வடியார்கள் தங்களை முழுமையான கிறிஸ்தவர்களாகவே கருதுகிறார்கள். கொனாகியில் அவர்கள் கண்ணீரோடு படங்களை முத்தமிடுவதைப் பார்த்த எனக்கு அதில் ஐயம் எழவில்லை.

கொனாகி என்பது பெரிய ஆலயம் அன்று. சுவரோரம் விசுப்பலகைகள் போட்ட ஓர் அறைதான். ஒரு பக்கத்தில் படங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. கையில் ஏந்தி ஆடுவதற்கு வசதியாக அவற்றுக்குக் கீழே மரப்பிடி உண்டு. வெள்ளித் தகடு போர்த்திய படங்களில் சிறு மணிகளும் நேர்த்திக்கடனாகச் செலுத்திய காணிக்கைத் தகடுகளும் தொங்குகின்றன. அருகில் சிமாதியா என்னும் சிவப்புத் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவையும் புனிதரின் ஆற்றல் உறையும் பொருள்களே. உள்ளே வருபவர் சிலுவைக் குறியிட்டு, மெழுகுவத்தி ஏற்றி, படங்களை முத்தமிட்டு, பிறகு முதியவர்களின் கையை முத்தமிட்டு அமர்கிறார். படங்களைத் ‘தாத்தாக்கள்’ என்றே இவர்கள் அழைக்கிறார்கள்.

இரவு ஏற ஏற, கோஸ்தியை உள்ளடக்கிய திரேஸ் நிலப்பகுதிக்குரிய, வில்லால் இழைத்து வாசிக்கும் மூன்று நரம்பு லிராவின் இசையும் தவுலி எனப்படும் பெருமுரசும் எழுந்தன. ஒரு மூதாட்டி முதலில் பெருமூச்செறிந்தார். பின் கைகளை முன்னும் பின்னும் வீசி, விசுப்பலகையை விட்டு எழுந்து ஆடத் தொடங்கினார். வழிபாட்டுத் தலைவர் சாம்பிராணிப் புகை காட்டி ஒரு சிவப்புத் துணியை அவர் கையில் கொடுத்ததும், கலங்கியிருந்த முகம் மெல்லத் தெளிந்தது. நோயாலோ மனத் துயராலோ வாடுபவரைப் புனிதர் தம் பணிக்கு அழைக்கிறார் என்பதும், அழைப்பை ஏற்றவருக்கு அவரே வழி திறந்துவிடுவார் என்பதும் இவர்களுடைய நம்பிக்கை. அப்படி அழைக்கப்பட்டவர்களில் பெண்களே மிகுதி.

மறுநாள் காலையில் ஆயியாஸ்மா என்னும் புனித நீரூற்றுக்கு ஊர்வலமாகச் சென்று, அந்த நீரால் முகம் கழுவினார்கள். குர்பானி என்னும் பலி கொடுக்கப்பட்டு, இறைச்சி வீடுகளுக்குப் பங்கிட்டு அளிக்கப்பட்டது. வெட்டவெளியில் கூம்பாக அடுக்கியிருந்த விறகை மாலையில் மூட்டினார்கள். இருட்டிய பின் தணலை நீண்ட கழிகளால் பரப்பினார்கள். படங்களையும் சிவப்புத் துணிகளையும் ஏந்திய அடியார்கள் வெறுங்காலுடன் தணலைச் சுற்றி ஆடி, பின்பு ஒருவர்பின் ஒருவராகக் குறுக்கே நடந்தார்கள். சிலர் நடுவில் நின்று, “சாம்பலாகட்டும்!” என்று கூவியபடி தணலை மிதித்து அணைத்தார்கள். தீயை அவர்கள் ஓடிக் கடக்கவில்லை. அது அவியும் வரை மிதித்தார்கள். என் கைகள் தாமே கூப்பிக்கொண்டன.

இதே மரபு பல்கேரியாவின் பல்காரி என்ற ஊரிலும், நெஸ்தினார்ஸ்த்வோ என்ற பெயரில் உயிரோடிருக்கிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியின் மே 21 இன்றைய நாட்காட்டியில் ஜூன் 3 ஆவதால், அங்கு அந்நாளில் நடைபெறுகிறது. 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆயியா எலேனியிலோ மறுநாள் படங்கள் தெருத் தெருவாக வீடுகளுக்கு எழுந்தருளுகின்றன. உழவர் குடும்பங்கள் வாசலில் காத்திருந்து, தூபமிட்டு வரவேற்று, வந்தவர்களுக்கு உண்ணக் கொடுக்கின்றன. இசை முழங்க அங்கும் ஆடுகிறார்கள். அன்று வீட்டு வாசலில் நின்ற எனக்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தந்தார்கள்.

செல்ல விரும்புவோர் செர்ரெஸ் நகரில் தங்கிக்கொள்வது நலம். கொனாகிக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும். ஆடுபவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது அவர்களைப் புண்படுத்தும். கூட்டமில்லாமல் தரிசிக்க நினைப்பவர்கள், புனித அத்தனாசியோஸ் திருநாளான ஜனவரி 18-ஐ ஒட்டிச் செல்லலாம். கடுங்குளிர்க் காலம்தான், தீமிதியும் சிறியதுதான். ஆனால் அப்போது வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வழிபாட்டுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே.