‘மிதம்’ என்று போட்டிருந்த அன்று

போன வாரம் ஒரு நாள் காலையில், காற்றில் மகரந்தம் எவ்வளவு என்று சொல்லும் ஆப்பைத் திறந்தால் புல் மகரந்தம் ‘மிதம்’ என்று போட்டிருந்தது. சரி, கொஞ்சம் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன். பத்து மணிக்குள் அடுக்கடுக்காகத் தும்மல், கசக்கிக் கசக்கி இமை தடித்துவிட்டது, மேல் அண்ணத்தில் நாக்கை வைத்துத் தேய்த்தாலும் தீராத அந்த அரிப்பு (உள்ளவர்களுக்குத்தான் தெரியும்), மூச்சு விடும்போது லேசாக ஒரு விசில் சத்தம். எனக்குப் புல் மகரந்தம் ஒவ்வாது. அந்த ஆப் காட்டும் மகரந்த எண்ணிக்கையை மூன்று வருடமாகத் தினமும் பார்த்து வருகிறேன், அதனால் இதை நம்புவதா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான ஊர்களில் இன்னும் 1952-ல் ஹிர்ஸ்ட் என்பவர் வடிவமைத்த பொறியின் வழிவந்த கருவிதான் ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் நிற்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு சிறு பிளவு வழியாக உள்ளே இழுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் இழுக்கும் மூச்சின் அளவுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உள்ளே பசை தடவிய நாடா மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் நகர்ந்துகொண்டே இருக்கும், காற்றில் வந்ததெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதைக் கழற்றி, துண்டு போட்டு, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். ஒருமுறை அப்படி ஒரு ஸ்லைடைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. தூசி, கரி, பூஞ்சை வித்து எல்லாவற்றுக்கும் நடுவில் இளஞ்சிவப்பாக, உருண்டையாக, ஒரே ஒரு துளையோடு, அந்தத் துளையைச் சுற்றி மோதிரம் போல ஒரு விளிம்போடு புல் மகரந்தம் இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றா என்னை இந்தப் பாடு படுத்துகிறது என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கையால் எண்ணும் ஊர்களில், இன்று நாம் பார்க்கும் எண்ணிக்கை பெரும்பாலும் முந்தைய நாள் காற்று. அதுவும் அந்த ஒரு மாடியின் காற்று. உங்கள் தெருமுனையில் யாரும் வெட்டாத புல்வெளி இருக்கிறது என்பது அந்தப் பொறிக்குத் தெரியாது. ‘மிதம்’, ‘அதிகம்’ என்ற பட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒரு கன மீட்டர் காற்றில் 30 புல் மகரந்தம் இருந்தால் ஆஸ்திரேலியாவில் வழக்கமாகச் சொல்லும் அளவுகோலில் அது மிதம் (20 முதல் 49 வரை), அமெரிக்காவில் அதே 30 அதிகம் (20 முதல் 199 வரை). அதனால் பட்டத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். உங்களுக்கு எந்த எண்ணில் மூக்கு ஒழுக ஆரம்பிக்கிறது என்பதுதான் உங்களுடைய அளவுகோல்.

இனிமேல்தான் வெப்பமண்டலத்தை ஒட்டிய ஊர்களுக்கே உரிய சிக்கல். புத்தகத்தில் படிப்பதெல்லாம் குளிர்நாட்டுக் கதை: வசந்தத்தில் மரம், அடுத்துச் சில வாரம் புல், அத்தோடு முடிந்தது. நானும் அப்படி நினைத்து வசந்தம் முடிந்ததும் மருந்தை நிறுத்திவிட்டு, கோடையின் நடுவில் அவதிப்பட்டேன். ஆஸ்திரேலியாவிலேயே பாருங்கள், குளிரான மெல்பர்னில் புல் சீசனின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் (அங்கே அது வசந்தமும் கோடைத் தொடக்கமும்) முடிந்துவிடும். வெப்பமண்டலத்தை ஒட்டி இருக்கும் பிரிஸ்பேனில் டிசம்பர் வாக்கில் சூடு பிடித்து ஏப்ரல் வரைகூட இழுக்கும். காரணம், புல்லே வேறு. குளிர்ப்பகுதியில் ரை, திமோத்தி. இங்கே பாஹியா, ஜான்சன், அப்புறம் நம் அறுகு. ஆமாம், ‘அறுகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துவோமே, அதே அறுகு. இவையெல்லாம் வெயிலைத் தின்று வளரும் ஜாதி. மழை பெய்தால் தழைக்கும், அடுத்த சில வாரத்தில் பூக்கும், மறுபடி மழை, மறுபடி பூ. பாஹியாவைக் கண்டுபிடிப்பது சுலபம்: நீண்ட தண்டின் உச்சியில் இரண்டு கதிர் கவட்டை போல விரிந்திருக்கும், பூத்திருந்தால் கருஊதா நிறத்தில் குட்டிக் குட்டியாகத் தொங்கும். வெட்டிவிட்டாலும் சில நாளில் தண்டு திரும்ப நிமிர்ந்து நிற்கும்.

இதில் என்ன சங்கடம் என்றால், அந்த மைக்ரோஸ்கோப்பில் எல்லாப் புல்லின் மகரந்தமும் ஒரே மாதிரிதான் தெரியும். எண் ஒன்று, அதற்குள் இருக்கும் புல் எது என்று தெரியாது. நம் உடம்புக்கோ அது தெரிகிறது. ரை புல்லில் இருக்கும் ஒரு முக்கியமான ஒவ்வாமைப் புரதத் தொகுதி பாஹியாவிலும் அறுகிலும் இல்லவே இல்லை. எனக்கு முதலில் தோலில் குத்திச் சோதித்தபோது குளிர்நாட்டுப் புல் சாறு மட்டும்தான் வைத்தார்கள், லேசாகத் தடித்தது, ‘பெரிசா ஒண்ணும் இல்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு இடத்தில் பாஹியாவையும் அறுகையும் வைத்தபோது கொசுக்கடி போலப் பெரிதாக வீங்கியது. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்னும் வருத்தம்தான். சோதனைக்குப் போகிறவர்கள் எந்தெந்தப் புல்லை வைக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

முன்னறிவிப்பு என்பது முந்தைய ஆண்டுகளின் கணக்கு, இப்போதைய எண்ணிக்கை, மழை, வெப்பம், காற்று, ஈரப்பதம் இவற்றைச் சேர்த்துப் போடும் மதிப்பீடு. சில இடங்களில் செயற்கைக்கோள் படத்தில் புல்வெளி எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்பதையும் சேர்க்கிறார்கள். பல வருடக் கணக்கு கையில் இல்லாத ஊரில் இது தடுமாறும், வேறு வழியில்லை. ஆனாலும் நான் இதை விடமாட்டேன். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தரச் சில நாள் ஆகும், அதனால் அடுத்த வாரம் ஏறும் என்று முன்கூட்டியே தெரிவதே எனக்குப் பெரிய உதவி.

இடிமழையை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண மழை காற்றைக் கழுவிவிடும், உண்மைதான். ஆனால் புயல் மேகத்துக்கு முன்னால் வரும் அந்தக் காற்று மகரந்தத்தை வாரிக்கொண்டு வரும், ஈரத்தில் அது வெடித்து நுரையீரல் வரை இறங்கும் நுண்துகளாகிவிடும். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் அப்படித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். அதுவரை ஆஸ்துமாவே இல்லாமல் தும்மல் மட்டும் இருந்தவர்களுக்கும் அன்று திணறியது. அதனால் எண் அதிகமாக இருந்து இடியும் வரும் என்றால் நான் வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இன்ஹேலரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது ஒரு நோட்டில் தினமும் மூன்றே விஷயம் எழுதுகிறேன்: அன்றைய எண், கடைசியாக மழை பெய்து எத்தனை நாள், மூக்கு எப்படி. போன வாரப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மழை பெய்து சரியாகப் பன்னிரண்டு நாள். இன்று காலை நடக்கும்போது நடைபாதை ஓரத்தில் ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் தட்டினேன், மஞ்சளாகப் பொடி விழுந்தது. ஆப்பில் இன்றைக்கும் ‘மிதம்’ என்றுதான் இருக்கிறது, நான் ஸ்பிரே அடித்துவிட்டேன்.