தப்பொலியைக் கணினியில் கட்டுவது

ஒலி வடிவமைப்பைக் கற்றுக்கொள்ள விரும்பும் நண்பர்கள், எந்த மென்பொருளில் தொடங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த ஓசையை உருவாக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. கணினியில் ஓசைகளை உருவாக்கும் மென்பொருள் சிந்தசைசருடன் வரும் ஆயத்த ஒலிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போகுமே தவிர, ஓர் ஓசை ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது பிடிபடாது. நன்கு பழக்கமான ஓர் ஓசையை இலக்காக வைத்து, வெறும் அலையிலிருந்து தொடங்கி அதை நோக்கிப் போகிறவருக்கே ஒவ்வொரு திருகும் எதற்காக இருக்கிறது என்பது விளங்கும். இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு அந்த இலக்கு, தப்பு என்னும் தோற்பறை. மாசியில் காமன் கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், சாவு வீட்டுக்கும் அடிக்கப்படுகிற, ஒரு காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, ஆட்களை அழைத்த அந்தத் தப்பின் ஓசையை வேறெந்த வாத்தியத்தின் ஓசையையும் விட நன்றாக அறிவேன். எனக்குக் கிடைத்த ஒலித் தொகுப்புகள் எதிலும் அது இல்லை.

நான் பயன்படுத்துவது சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சிந்தசைசர். வணிக மென்பொருளாகத் தொடங்கிய சர்ஜ் 2018 இல் திறமூலமாக வெளியிடப்பட்டு, பிறகு தன்னார்வலர்களின் கையில் வளர்ந்தது. விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக இயங்குகிறது. கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி வேறு சிந்தசைசர்களுக்கும் பொருந்தும்.

பாட நூல்கள் பெரும்பாலும் வாள்பல் அலையிலிருந்து தொடங்குகின்றன. அதில் அடிப்படை மீடிறனின் (அதிர்வெண்ணின்) எல்லா முழு எண் மடங்குகளும் இருக்கின்றன. சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருக்கின்றன. இந்தச் செழிப்பான அலைகளை வடிகட்டியால் செதுக்கி, புல்லாங்குழலையோ வயலினையோ ஒத்த ஓசைகளை உருவாக்கலாம். ஆனால் தப்புக்கு இந்த வழி உதவாது; வடிகட்டியை எப்படித் திருப்பினாலும் ஓசையில் தோல் வராது. தந்தியிலும் குழலிலும் மேற்றொனிகள், அதாவது அடிப்படையோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள், முழு எண் மடங்குகளை ஒட்டி அமைகின்றன. வட்டமான தோலிலோ அவை, இலட்சிய நிலையில், அடிப்படையின் 1.59, 2.14, 2.30 மடங்குகளாக ஒழுங்கின்றி அமைகின்றன. அடிப்படை 200 ஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், 400, 600 என்று ஏறுவதற்குப் பதிலாக ஏறத்தாழ 319, 427, 459 என்று வரும். மிருதங்கத்தின் நடுவில் இடப்படும் கரணை என்னும் கரிய பூச்சு இந்த ஒழுங்கின்மையைச் சீராக்கி, மேற்றொனிகளை முழு எண் மடங்குகளுக்கு அருகே கொண்டுவருவதை சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920 இல் நேச்சர் இதழில் விளக்கினார்கள். தப்பில் கரணை இல்லை. மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிவதற்கும், தப்பு சுருதிக்குள் அடங்காமல் முழங்குவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாடு புரிந்தது, திரையில் பார்த்த பல பயிற்சிக் காணொளிகளைவிட எனக்குப் பெரிதாக உதவியது.

ஆகவே வாள்பல் அலையை விட்டுவிட்டு, அலையை உண்டாக்கும் மூன்று ஒசிலேட்டர்களையும், மேற்றொனி எதுவும் இல்லாத சைன் அலைக்கு மாற்றினேன். முதலாவது அடிப்படை மீடிறனில் நிற்கிறது. இரண்டாவது அதற்கு மேலே 8.06 அரைச்சுரம், அதாவது ஒரு ஸ்தாயி ஏற்றி, 3.94 அரைச்சுரம் இறக்க வேண்டும். மூன்றாவது 13.13 அரைச்சுரம், ஒரு ஸ்தாயி ஏற்றி, மேலும் 1.13 சேர்க்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்து நீளமாக ஒலிக்கவிட்டால் பழுதான மணி போலத்தான் கேட்கும். அதைத் தோலாக மாற்றுவது, ஓசை எப்படி எழுந்து அடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் என்வலப். எழுச்சி பூச்சியம், நிலைப்பு பூச்சியம், தேய்வு கால் செக்கனுக்கும் குறைவு என்று வைத்த கணத்தில் மணி மறைந்து, தோல் வந்துவிடுகிறது.

என்வலப்புக்கு இத்தனை வலிமை இருப்பதைப் பிரான்சில் பதிவு செய்த ஓசைகளைக் கொண்டு இசையமைத்த பியேர் ஷெஃபர் 1948 லேயே கண்டார். பதிவு செய்த மணியோசையின் தொடக்கத் தாக்கத்தை நீக்கிவிட்டு மீதியை ஒலிக்கவிட்டபோது, அது மணியாகவே கேட்கவில்லை. ஒரு வாத்தியத்தை அடையாளம் காணும் காது அதன் முதல் சில மில்லிசெக்கன்களையே பெரிதும் நம்புகிறது. அதனால்தான், அலையின் வடிவத்தைத் தேர்வு செய்வதைவிட என்வலப்புக்கு அதிக நேரம் கொடுங்கள் என்று புதியவர்களிடம் வலியுறுத்துகிறேன்.

தப்பின் அந்த முதல் மில்லிசெக்கன்கள் குச்சிகளுக்குச் சொந்தமானவை. ஒரு கையில் தடித்த கட்டைக் குச்சியும் மறு கையில் மெல்லிய நீளக் குச்சியும் இருக்கின்றன. மெல்லிய குச்சி முழு நீளத்துக்கும் தோலில் படும்போது எழுகிற சுளீர் என்ற ஓசைக்குத் தனி மீடிறன் கிடையாது. சர்ஜில் ஒரே ஒலிக்குள் காட்சி (scene) எனப்படும் இரண்டு தனி அடுக்குகளைச் சேர்க்க முடியும் என்பதால், தோலை முதல் காட்சியிலும், இரைச்சலை மட்டும் இரண்டாவது காட்சியிலும் வைத்து, இரைச்சலை மேல் மீடிறன்களை மட்டும் விடுகிற வடிகட்டி வழியாக அனுப்பி, இருபது மில்லிசெக்கனுக்குள் அணைந்துவிடச் செய்தேன். காட்சிகளைப் பிரிப்பதன் நன்மை, ஒவ்வொன்றுக்கும் தனி என்வலப் கிடைப்பது. இதோடு, அடி விழுந்த கணத்தில் தோல் சற்று இழுபட்டு, சுருதி உயர்ந்து உடனே இறங்குகிறது. இரண்டாவது என்வலப் ஒன்றைச் சுருதிக்கு இணைத்து, ஓரிரு அரைச்சுரம் மட்டும் இறங்க வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் மேற்கத்திய நடன இசையின் மின்முரசு வந்து நின்றுவிடும். பலமான அடி சத்தத்தைக் கூட்டுவதோடு ஓசையின் கூர்மையையும் கூட்டும் என்பதால், விசைப்பலகையில் விசையை அழுத்தும் வேகத்தை வடிகட்டிக்கும் இரைச்சலின் அளவுக்கும் சேர்த்தே இணைத்தேன்.

இந்த நிலையில், எங்கள் தோட்டத்தில் நெடுங்காலமாகத் தப்படிக்கும் பெரியவர் ஒருவருக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “தோலு இன்னும் காயலையே தம்பி, நெருப்புல காட்டணும்” என்றார். நான் கேட்டதிலேயே மிகத் துல்லியமான தொழில்நுட்பக் கருத்து அதுதான். மலைநாட்டு மூடுபனியில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. அடிப்பதற்கு முன் சருகைக் கொளுத்தி அனலில் காட்டினால் ஈரம் போய் இழுவை ஏறுகிறது. மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம் என்பதால், இரண்டு அரைச்சுரம் உயர இழுவை ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கூட வேண்டும். சுருதியை இரண்டு அரைச்சுரம் உயர்த்தி, தேய்வைச் சுருக்கி, மூன்றாவது ஒசிலேட்டரின் அளவைக் கூட்டியதும் பெரியவர் தலையசைத்தார்.

எதிரொலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் பழக்கத்தால், மூடிய மண்டபத்தின் முழக்கத்தைத் தரும் ரிவெர்ப்பைச் சேர்த்துவிடுகிறார்கள். தப்பு திறந்த வெளியில் அடிக்கப்படுவது. அதற்குத் திரும்பி வருவது எதிர்மலையிலிருந்து வரும் ஒற்றை எதிரொலி. பதினைந்து பாகை செல்சியஸில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்கிறது. ஆகவே 170 மீற்றர் தூரத்துச் சரிவில் பட்டு வர ஒரு செக்கன் ஆகும். ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் டிலேயை அந்த அளவுக்கு வைத்து, திரும்பும் ஒலியில் மேல் மீடிறன்களைக் குறைத்தால் போதும். உயர்ந்த மீடிறன்களைக் காற்று விரைவாக உறிஞ்சிவிடுகிறது.

இப்போது காமன் கூத்தில் கேட்கும் கூட்டு முழக்கத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒலியைப் பல மடங்காக்கும் யூனிசன் வசதி இதற்குப் பொருந்தவில்லை, ஏனெனில் ஒவ்வொரு தப்பும் வெவ்வேறு அளவுக்குக் காய்ந்திருக்கும், ஒவ்வொரு கையும் நூலிழை முன்பின்னாக விழும். அதனால் நான்கு தடங்களில் நான்கு தனித் தப்புகளை வைத்து, ஒவ்வொன்றின் சுருதிக்கும் தேய்வுக்கும் சிறிய தற்செயல் மாற்றத்தை இணைத்து, தாளத்தைத் தனித்தனியாகக் கையாலேயே வாசித்துப் பதிவு செய்துவருகிறேன்.