கணக்கில் 235, சாலையில் 192: கியரும் டயரும் சொல்லும் உச்ச வேகம்

கியர் விகிதமும் டயர் அளவும் தெரிந்தால் ஒரு காரின் உச்ச வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. எஞ்சின் தன் கடைசி ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளின் உச்ச எண்ணிக்கையை, தொட்டால் வண்டி எவ்வளவு வேகத்தில் இருக்கும் என்பதை அந்த இரண்டும் துல்லியமாகச் சொல்லும். அந்த கியரில் அந்த ஆர்பிஎம் வரை போக எஞ்சினுக்குத் திறன் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதனால் கியர் கணக்கில் வரும் எண்ணை ஒரு கூரையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கூரை வரை கை எட்டுமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் டயர். 205/55 ஆர்16 என்று பக்கவாட்டில் அச்சிட்டிருந்தால் அகலம் 205 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். சுவர் 112.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், ஆக 225.5. ரிம் 16 × 25.4 = 406.4. மொத்த விட்டம் 631.9 மி.மீ.

இதை 3.1416-ஆல் பெருக்கி 1985 மி.மீ. என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பாரம் ஏறிய டயர் தரையில் கொஞ்சம் அமுங்கும். ஒரு முழுச் சுற்றில் அது கடக்கும் தூரம் வெறும் சுற்றளவைவிடக் குறைவு. ரேடியல் டயருக்கு விட்டத்தை 3.05-ஆல் பெருக்குவதுதான் ஐரோப்பிய டயர் தரநிலையின் வழக்கம். அப்படிப் பார்த்தால் 1927 மி.மீ. ஏறத்தாழ 3 சதவீத வித்தியாசம். 200 கி.மீ. வேகத்தில் அது 6 கி.மீ.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நின்றிருக்கும் வண்டியில் சக்கரத்தின் மையத்திலிருந்து தரை வரை அளந்து, அதையே ஆரமாக வைத்துச் சுற்றளவு போடுவார்கள். இந்த டயருக்கு அது 290 மி.மீ. என்று வைத்தால் சுற்றளவு 1822 வரும், நிஜத்தைவிட 5 சதவீதம் குறைவு. டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை நீளவோ சுருங்கவோ அவ்வளவாக இடம் கொடுக்காது. அமுங்கிய இடத்திலும் பட்டை முழுக்கத் தரையில் உருண்டுதான் போகிறது. அதனால் உருளும் தூரம் அந்த ஆரத்தை ஒட்டி இருக்காது, பட்டையின் நீளத்தை ஒட்டி இருக்கும்.

நேரில் அளக்க விரும்பினால் சுலபமான வழி இருக்கிறது. காற்றழுத்தத்தைச் சரிசெய்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, டயரிலும் அதற்கு நேர்கீழே தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். வண்டியை நேர்கோட்டில் தள்ளி, சக்கரம் 5 முழுச் சுற்று சுற்றியதும் மறுபடி தரையில் கோடு போட்டு, நடுவில் உள்ள தூரத்தை 5-ஆல் வகுத்தால் முடிந்தது. தேய்மானமும் சேர்ந்தே அளவில் வந்துவிடும். புது டயரின் 8 மி.மீ. பள்ளம் 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டம் 12.8 மி.மீ. குறையும், இந்த அளவில் அது 2 சதவீதம்.

இனி கியர். கியர் விகிதம் என்பது கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் ஒரு சுற்றுக்கு எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. ஃபைனல் டிரைவ் என்பது கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள கடைசிப் பல்சக்கர இணை. சூத்திரம் ஒரே வரிதான்:

வேகம் (மணிக்கு கி.மீ.) = ஆர்பிஎம் × சுற்றளவு (மீட்டரில்) × 0.06 ÷ (கியர் விகிதம் × ஃபைனல் டிரைவ் விகிதம்)

0.06 என்பது நிமிடத்துக்கு மீட்டர் என்பதை மணிக்கு கி.மீ. ஆக்குவதற்கு. எடுத்துக்காட்டுக்கு ஒரு ஐந்து கியர் கார்: விகிதங்கள் 3.55, 1.95, 1.30, 0.97, 0.78. ஃபைனல் டிரைவ் 4.10. ரெவ் லிமிட்டர் (எஞ்சினை அதற்கு மேல் சுற்ற விடாத கட்டுப்பாடு) 6500. மேலே பார்த்த டயர். ஐந்தாவதில் மொத்த விகிதம் 0.78 × 4.10 = 3.198. 1000 ஆர்பிஎம்முக்கு 36.15 கி.மீ. இந்த '1000-க்கு எவ்வளவு' எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அது போதும். லிமிட்டர் வரை போட்டால் கியர் வரிசையில் 52, 94, 141, 189, 235.

விகிதங்களைத் தேடும்போது கவனிக்க வேண்டியவை சில. சில அட்டவணைகளில் கியர் விகிதமும் ஃபைனல் டிரைவும் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கும். முதல் கியர் 12, 14 என்று இருந்தால் அது மொத்த விகிதம், மறுபடி பெருக்கக் கூடாது. இரண்டு அவுட்புட் ஷாஃப்ட் (சுழற்சி வெளியேறும் தண்டு) உள்ள கியர்பாக்ஸ்களில் ஃபைனல் டிரைவும் இரண்டு இருக்கக்கூடும், எந்த கியர் எந்த ஷாஃப்டில் என்று பார்த்தே போட வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியைத் திரவம் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கருவி) உள்ள ஆட்டோமேட்டிக்கில் லாக்-அப் விழுந்து, அதாவது கன்வெர்ட்டர் நேரடியாகப் பூட்டிக்கொண்ட பிறகுதான் இந்தக் கணக்கு பொருந்தும். அதற்கு முன் கன்வெர்ட்டர் வழுக்கும், எஞ்சின் கூடுதலாகச் சுற்றும்.

விகிதமே தெரியாத வண்டியா? டாப் கியரில் சீரான வேகத்தில் ஓட்டி, ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) ஆர்பிஎம்மும் ஜிபிஎஸ்ஸில் வேகமும் ஒரே சமயத்தில் பதிவு செய்யுங்கள். 3000 ஆர்பிஎம்மில் 108.5 கி.மீ. என்றால், 3000 × 1.927 × 0.06 ÷ 108.5 = 3.197, அதுதான் மொத்த விகிதம். வண்டி நகராமலும் கண்டுபிடிக்கலாம். இக்னிஷனை அணைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இயங்கு சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டாப் கியரில் போட்டு அந்தச் சக்கரத்தை 20 சுற்று சுற்றினால் கிராங்க் புல்லி (எஞ்சின் தண்டின் முனையில் உள்ள சக்கரம்) 32 சுற்று சுற்றும். இங்கே 32-ஐ 20-ஆல் வகுத்து 1.6 என்று எழுதிவிடாதீர்கள். ஒரு சக்கரம் நிற்க, மற்றது சுற்றினால், சாதாரண டிஃபரென்ஷியலில் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) இரண்டு சக்கரச் சுற்றுக்கு ஒரு ஃபைனல் டிரைவ் சுற்றுதான். 32-ஐ 10-ஆல் வகுக்க வேண்டும், 3.2.

ஸ்பீடோமீட்டரை வைத்து மட்டும் எதையும் சரிபார்க்க வேண்டாம். ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் வாகன விதிப்படி அது நிஜ வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. அதிகமாகக் காட்டலாம், நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. வரை. நிஜத்தில் 100-இல் போகும் வண்டியில் முள் 114 காட்டினாலும் விதி மீறப்படவில்லை.

இப்போது முக்கியமான பாதி. வண்டி முன்னே போக இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும்: டயர் உருளும் தடை, காற்றின் தடை. உருளும் தடையை வேகத்தோடு பெரிதாக மாறாதது என்று வைத்துக்கொள்ளலாம். காற்றுத்தடை வேகத்தின் இருமடியில் ஏறும். தடையை வேகத்தால் பெருக்கினால்தான் திறன் என்பதால், காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. 10 சதவீதம் கூடுதல் வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் திறன்!

நம் காருக்கு ஆளோடு 1250 கிலோ எடை, இழுவைக் கெழு (வண்டியின் வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்பதற்கான எண்) 0.32, முன்பரப்பு 2.15 சதுர மீட்டர், உருளும் தடைக் கெழு 0.012, காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ என்று வைப்போம். உருளும் தடை 1250 × 9.81 × 0.012 = 147 நியூட்டன். காற்றுத்தடை 0.5 × 1.2 × 0.32 × 2.15 × வேகத்தின் இருமடி. இதில் வேகத்தை நொடிக்கு மீட்டரில் போட வேண்டும், அதாவது கி.மீ. வேகத்தை 3.6-ஆல் வகுத்து. இதை மறந்து மணிக்கு கி.மீ.யிலேயே போட்டுவிட்டால் விடை எங்கோ போய்விடும். 180 கி.மீ. என்றால் 50 மீட்டர், காற்றுத்தடை 1032 நியூட்டன், இரண்டும் சேர்ந்து 1179, சக்கரத்தில் வேண்டிய திறன் 59 கிலோவாட். 200-க்கு 79. அந்த 235-க்கு 124.

எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் 85 கிலோவாட் தருவதாக வைப்போம். கியர்பாக்ஸிலும் ஷாஃப்டிலும் 10 சதவீதம் போனால் சக்கரத்துக்கு 76.5. அது சுமார் 198 கி.மீ.க்குப் போதும். ஆனால் ஐந்தாவது கியரில் 198 என்றால் எஞ்சின் 5480-இல்தான் சுற்றும், அங்கே 85 கிலோவாட் கிடைக்காது. 5300-இல் 78 கிலோவாட் தந்தால், சக்கரத்தில் 70. தேவையும் வரவும் 192 கி.மீ.யில் சமமாகின்றன, வேகம் அதற்கு மேல் ஏறாது. நான்காவதில் லிமிட்டர் 189-இல் தடுக்கிறது. 235-ஐ எட்ட எஞ்சினில் 138 கிலோவாட் வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: ஃபைனல் டிரைவை 4.10-லிருந்து 4.49 ஆக்கினால், அதாவது கியரைக் குட்டையாக்கினால், ஐந்தாவதில் 198 கி.மீ.யும் 6000 ஆர்பிஎம்மும் ஒன்றாக வந்து நிற்கும். கூரை 235-லிருந்து 215-க்கு இறங்குகிறது, நிஜ வேகமோ 6 கி.மீ. ஏறுகிறது. தயாரிப்பாளர் நீளமான ஐந்தாவதை வைப்பது 110 கி.மீ.யில் எஞ்சின் 3330-க்குப் பதில் 3040-இல் சுற்றட்டும் என்பதற்காக. எரிபொருளும் சத்தமும்தான் காரணம், உச்ச வேகம் அல்ல.

பெரிய டயர் போட்டால் வேகம் கூடுமா என்ற கேள்விக்கும் இதே வழிதான். 215/60 ஆர்16 போட்டால் விட்டம் 664.4, ஏறத்தாழ 5 சதவீதம் பெரிது. ஐந்தாவதின் கூரை 247 ஆகும், ஆனால் ஆர்பிஎம் இன்னும் கீழே இறங்குவதால் நிஜ வேகம் 188 அளவுக்குக் குறையும். நான்காவதில் நிலைமை தலைகீழ். 189-இல் தடுத்த லிமிட்டர் 199-க்கு நகர்வதால், 6400 ஆர்பிஎம்மில் 83 கிலோவாட் கிடைத்தால் 196 வரை போகும். அதாவது அந்த வண்டியின் உச்ச வேகம் நான்காவது கியரில் இருக்கிறது. 'கூடும்' 'குறையும்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

திறன் மிஞ்சி, கியர் தடுக்கும் வண்டிகளும் உண்டு. 1998-இல் ஜெர்மனியின் எஹ்ரா-லெஸியன் சோதனைத் தடத்தில் மெக்லாரன் எஃப்1 என்ற ஸ்போர்ட்ஸ் கார் மணிக்கு 386.4 கி.மீ. ஓடியது, ரெவ் லிமிட்டரை 7500-லிருந்து 8300-க்கு உயர்த்திய பிறகு. அங்கே கூரைதான் தடையாக இருந்தது.

அளந்து பார்க்கும்போது ஒரே ஓட்டத்தை நம்ப வேண்டாம். நம் காருக்கு 192-இல் எதிர்க்காற்று மணிக்கு 10 கி.மீ. இருந்தால் கூடும் தடை 125 நியூட்டன். 1 சதவீத ஏற்றமும் கிட்டத்தட்ட அதே 123 நியூட்டன். இரண்டில் எது இருந்தாலும் உச்ச வேகம் 6 கி.மீ.க்கு மேல் குறைந்துவிடும், இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அளவு. மூடிய தடத்தில் இரு திசையிலும் ஓட்டி சராசரி எடுங்கள். நிலவேக சாதனைகளுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் இரு திசை ஓட்டம் கட்டாயம்.

ஓட்டுவதற்கு முன் டயரின் வேகக் குறியீட்டைப் பாருங்கள். டி (T) என்றால் மணிக்கு 190 கி.மீ., ஹெச் (H) 210, வி (V) 240. 192 போகக்கூடிய இந்தக் காருக்கு டி போதாது, ஹெச் வேண்டும்.